கிச்சன்ல பேசினா கேக்குற வீடு

இன்னைக்கு நானும் என் மனைவி செல்வியும் ரெண்டு வீடு பார்த்துட்டு வந்தோம், வாங்குறதுக்கு.

முதல்ல காட்டுப்பாக்கத்துல மூணு பெட்ரூம் ஃபிளாட். பால்கனியில நின்னு வெளிய பாத்து சொக்கிப் போயிருந்தேன். போன் அடிச்சுது. செல்விதான்.

"எங்க கீற?"ன்னேன்.

"உள்ளதான், கிச்சன்ல. மூணு வாட்டி கூப்ட்டேன், உன் காதுல வுழல. ஊட்டுக்குள்ள ஆளக் கூப்ட போன் போடணுமா? இதுக்கு லோன் கட்ட நீ ரெண்டு ஷிப்ட் போவே. அப்புறம் கூப்ட ஆளே இருக்காது."

அடுத்து திருநின்றவூர். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன். ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம்.

செல்வி நேரா கிச்சனுக்குப் போனா. நான் வாசல்ல செருப்பைக் கழட்டிகினு இருந்தேன்.

உள்ளேருந்து மெதுவா சொன்னா: "இந்தச் சட்டை இந்த ஆளுக்கு நல்லாவே இல்ல."

"நீ எடுத்துக் குடுத்ததுதான்"ன்னேன்.

சிரிச்சுகினே வெளிய வந்து, வீட்டை விக்கிறவர்கிட்ட "இதையே முடிச்சுக்கலாம்ணா"ன்னுட்டா.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பதினாலு வருஷமா "காதுல விழலம்மா"ன்னு சொல்லித்தான் கடைக்குப் போறதுலேருந்து தப்பிச்சுகினு இருந்தேன். இன்னையோட அது போச்சு.

ஒரு ரூம் வீட்டுல இருக்குறவங்க என்ன சாக்கு சொல்றீங்க?