செம்பா, கறுப்பா

கோயமுத்தூரில் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, கிளாடிஸிடம் அதை அப்படித்தான் சொன்னார்கள்.

கிளாடிஸுக்கு நாற்பத்தாறு வயது. சூலூரில் வீடு. கணபதியில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை. பைக் சாமான், குழாய், நாற்காலிக் கால் என்று இரும்பில் செய்த எதையும் தொட்டியில் முக்கிக் குரோம் ஏற்றிக் கொடுக்கிற இடம் அது. தொட்டிப் பக்கம் அவளுக்கு வேலை கிடையாது. கடைசி மேஜையில் டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரிப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பொட்டுக் கறைகூட வெளியே போனதாகப் பேச்சே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். சொந்தக்காரர்கள் அவளைப் பக்கத்தில் உட்காரவைக்கவே யோசிப்பார்கள்.

இந்தக் கண்தான் அவளை வம்பில் இழுத்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் மெர்வின் ஒரு பிளாஸ்டிக் கார் மாடல் வாங்கி வந்தான். பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், நாம்தான் ஒட்டி எடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலை செய்கிற கை, ஒரே வாரத்தில் ஒட்டி முடித்துவிட்டது. கிளாடிஸ் அதைக் கையில் வாங்கி முன்பக்கத்து பம்பரைப் பார்த்தாள். அது பெட்டியிலேயே குரோம் ஏற்றி வந்த பாகம். சாக்லேட் சுற்றின காகிதமாட்டம் இருக்கிறது, இதையெல்லாம் குரோம் என்று எவன் ஒப்புக்கொண்டான் என்று கேட்டாள். அப்படியானால் நீயே செய்து காட்டு என்று மெர்வின் விளையாட்டாகச் சொல்லிவைத்தான். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருடமாக வீட்டில் பெயிண்ட் ஊதுகிற கம்பிரஷர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பிளாஸ்டிக்கைக் குரோமாக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்டியில் வந்த பூச்சை பிளீச்சில் ஊறவைத்துக் கழற்ற வேண்டும். பாகத்தின் நடுவே ஓடுகிற அச்சுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். அப்புறம் பளபளக்கிற கறுப்பு பெயிண்ட். குரோமின் உயிரே அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. கறுப்பு கண்ணாடி மாதிரி அமைந்தால்தான் மேலே அடிக்கிற வெள்ளிப் பூச்சு கண்ணாடியாகும், இல்லாவிட்டால் அலுமினியச் சட்டி நிறம்தான் மிஞ்சும். அடித்த பிறகு விரல் பட்டாலும் போச்சு. பாதுகாப்புக்கு என்று மேலே வார்னிஷ் அடித்தாலும் போச்சு.

இதில் சூலூருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. தெருவெங்கும் தறி. தறி ஓடுகிற வரைக்கும் காற்றில் பஞ்சுத் தூசி பறக்கும், ஒரு இழை ஒட்டினால் ஒரு மாத வேலை வீண். கரண்ட் போனால் தறி நிற்கும், கம்பிரஷரும் நின்றுவிடும். தறி நின்று கரண்ட் இருக்கிற நாள் ஞாயிறு ஒன்றுதான். அதனால் கிளாடிஸ் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். சாமியாரிடம் காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். அவருக்கு முழுதாகப் புரியவில்லை, பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிட்டார்.

அப்படி எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வண்டிதான் அன்றைக்கு மண்டபத்து மேஜையில் நின்றது. ஐம்பதுகளில் ஓடிய அமெரிக்கக் கார், நீளம் ஒரு சாண், முன்பக்கம் முழுக்கக் குரோம். பம்பரின் கீழ்ப்பாதியை மட்டும் அவள் ஒரு சாயை இருட்டாக விட்டிருந்தாள். நிஜ வண்டியின் பம்பரில் மேலே வானம் தெரியும், கீழே ரோடு தெரியும், ரோடு கறுப்புதானே என்பது அவள் கணக்கு. மேஜையில் நின்ற அந்த வண்டியைக் குனிந்து பார்த்தவர்கள் தங்களை அறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

மாடல் கிளப் நடத்திய போட்டி அது. உலோகப் பூச்சுப் பிரிவில் ஐந்து வண்டிகள். கையால் பூசியதாக இருக்க வேண்டும், பெட்டியில் வந்த குரோமோ வெளியில் கொடுத்து ஏற்றிய குரோமோ கூடாது என்பது விதி. மற்ற நால்வரும் கிளப்பின் பழைய ஆட்கள், ஒருவர் பல் டாக்டர். கிளாடிஸ் வந்தது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டரைக்கு பெங்களூரிலிருந்து அருண்குமார் என்ற நடுவர் வந்து பரிசை முடிவு செய்வார். அதற்கு முன்னால் வண்டிகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது கிளப் செயலாளர் சசிதரின் பொறுப்பு.

சசிதர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவன். கிளாடிஸின் வண்டியை லென்ஸ் வைத்துப் பார்த்தான், போனான், திரும்ப வந்து பார்த்தான். மற்ற நால்வரையும் கூட்டிவந்து காட்டினான். ஐந்து தலைகள் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக நிமிர்ந்து, ஒன்றாக அவளைப் பார்த்தன. அதற்கப்புறம்தான் குழாயடிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஃபார்ம்ல பார்த்தேனுங்க, நீங்க பிளேட்டிங் கம்பெனியில வேல செய்யறீங்களாமா?"

"ஆமாங்க."

"அதானுங்க. இது பெயிண்ட்டாட்டம் இல்லவே இல்லீங்க. நெசக் குரோம். அங்கயே ஏத்திக் கொண்டாந்திருந்தா சொல்லிப்போடுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. பார்வைக்கு மட்டும்னு ஒரு அட்டை வெச்சுடறோம். ஒருத்தர்த்துக்கும் தெரியாதுங்க."

ஆறு வருடமாக யாராவது ஒருத்தர் 'இது நிஜக் குரோம்' என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று ஏங்கியவள் கிளாடிஸ். கேட்டுவிட்டாள். அதுவும் பாராட்டாக வராமல் குற்றமாக வந்து சேர்ந்தது. காது இரண்டும் சுட்டன. எங்கள் தொட்டியில் இரும்புக்குத்தான் குரோம் ஏறும், பிளாஸ்டிக்குக்கு ஏறாது என்று விளக்கினாள். பிளாஸ்டிக்குக்கு ஏற்றுகிற கம்பெனியும் அந்தப் பக்கம் இருக்கிறதே என்று சசிதர் பணிவாக ஞாபகப்படுத்தினான். இருக்கத்தான் இருக்கிறது. செய்யும்போது எடுத்த போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டான். மற்றவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் படம்பிடித்து வைத்திருக்கிறார்களாம். கிளாடிஸ் பெயிண்ட் அடிக்கிற அறைக்குள் செல்போனைக் கொண்டுபோனதே இல்லை, தூசி வரும் என்று. அதைச் சொன்னபோது அது பொய் மாதிரியே கேட்டது.

யோசித்துச் சொல்லுங்கள் அக்கா என்று அவன் நகர்ந்தான். அவள் மேஜைக்குத் திரும்பி வருவதற்குள் பேச்சு மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. அவள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் குரல்கள் தணிந்தன. மெர்வின் அட்டைப்பெட்டியைத் திறந்து வண்டியை உள்ளே வைக்கத் தயாராக நின்றான். இவனுகளுக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும், வா போகலாம் என்றான். போயிருக்கலாம்தான். போனால், மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று ஆகும். இருந்தால், பார்வைக்கு மட்டும் என்ற அட்டை. இரண்டில் எது நடந்தாலும் இந்தக் குரோம் அவள் கையால் வந்தது என்பதை இனி யாரும் நம்பப்போவதில்லை. பரிசு அவள் மனதிலிருந்து எப்போதோ நழுவிப் போயிருந்தது. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு லாட்டிலும் தேறிய சாமானில் ஒன்றை எடுத்து கிளாடிஸ் ரம்பத்தால் அறுப்பாள். பூச்சு உரிகிறதா, அடியில் செம்பும் அதற்கு மேல் நிக்கலும் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அறுத்தது குப்பைக்குப் போகும். பாலிஷ் போடுகிற நரசிம்மலு ஒவ்வொரு தடவையும், தேறாததில் ஒன்றை அறுக்கக் கூடாதா அம்மணி, என்று கெஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கெட்டதை அறுத்து என்ன தெரிந்துகொள்ள என்று கேட்டுக்கொண்டே அறுப்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவளுக்குக் கை கூசியதில்லை. அந்த மனுஷன் ஏன் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சசிதரைக் கூப்பிட்டாள்.

"கத்தி இருந்தாக் குடுங்க. கீறிப் பாத்துரலாம். தொட்டியில ஏத்துனதுன்னா அடியில செம்பு தெரியும். நான் பூசுனதுன்னா கறுப்பு தெரியும்."

சசிதருக்கு முகம் மாறிவிட்டது. அவன் இதை எதிர்பார்க்கவில்லை. கீறினால் சரிசெய்ய முடியாதே, நடுவர் வருகிற நேரமாயிற்றே என்று தடுமாறினான். முடியாதுதான். குரோமில் ஒட்டுப் போட்டால் ஒட்டு தனியாகத் தெரியும், முழுதாகக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் கண்ணுக்குத் தெரியாமல் பம்பரின் அடி ஓரத்தில் லேசாகக் கீறினால் போதும் என்றான். பல் டாக்டர் தன் பெட்டியிலிருந்து மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து நீட்டினார். சசிதர் கை நீட்டுவதற்குள் கிளாடிஸ் வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் குனிந்தாள். பம்பரில் அவள் முகம் அகலமாக நெளிந்து தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பைத்தியக்காரப் பயம் வந்தது, ஒருவேளை செம்பு வந்துவிட்டால்? கறுப்பு அடித்தவள் அவள், ஏழு நாள் பல்பு போட்ட பெட்டிக்குள் காயவைத்தவள் அவள், அதன் மேல் வெள்ளியை ஊதியவளும் அவள்தான். ஆனாலும் இத்தனை பேர் சேர்ந்து சந்தேகப்பட்டால், நம்மை நாமே சந்தேகப்படத் தோன்றிவிடுகிறது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். கத்தி நுனியை அடி ஓரத்தில் வைக்கவில்லை. பம்பரின் நட்டநடுவே, எல்லோர் கண்ணும் முதலில் விழுகிற இடத்தில் வைத்து, ஒரு நக நீளத்துக்கு இழுத்தாள்.

கண்ணில் நீர் முட்டியிருந்ததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பல் டாக்டர்தான் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கறுப்புங்க."

மெர்வின் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஓரத்தில் கீறினால் போதும் என்றேனே அக்கா, என்று சசிதர் முணுமுணுத்தான்.

"ஓரத்துல கீறினா நீங்க அஞ்சு பேருதானுங்க பாப்பீங்க. நீங்க சொன்னத இந்த மண்டபமே கேட்டுதுங்களே."

அருண்குமார் சொன்ன நேரத்துக்கு வந்தார். சசிதர் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லி, கீறலைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மேஜை மேல் இருப்பதற்குத்தான் தன்னால் மார்க் போட முடியும் என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். கிளாடிஸால் அதற்குச் சண்டை போட முடியவில்லை. அவளே நடுவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் வலித்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு வந்தாள். முதல் பரிசு பல் டாக்டருக்குப் போனது. அவர் கோப்பையை வாங்கும்போது அவளைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மண்டபத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றார்கள். சசிதர் பின்னாலேயே வந்தான். மன்னிப்புக் கேட்டான், மனசாரத்தான் கேட்டான். அடுத்த வருடம் இந்தப் பிரிவுக்கு நீங்கள்தான் நடுவராக உட்கார வேண்டும், உங்களைவிடக் குரோம் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை என்றான்.

"வாரேனுங்க," என்றாள் கிளாடிஸ். அப்புறம் அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள். "மத்த நாலு வண்டியையும் ஏனுங்க கீறிப் பாக்கல?"

சசிதர் பொய் சொல்லத் தெரியாத பையன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அவங்களை எங்களுக்கு முன்னமே தெரியுமுங்க அக்கா."

"இனிமே என்னையும் தெரியுமுங்க."

சூலூர் பஸ் வந்துவிட்டது. மெர்வின் முன்னால் ஏறி இடம் பிடித்தான். கிளாடிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிய பிறகும் சசிதர் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.