பாதிக்கு மூன்று பேர் குறைவு

பள்ளிக்கூட வேலையில் பாடம் நடத்துவதுதான் சுலபம். எந்தப் பிள்ளை ஏழை என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போடுவது இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. ஜூன் பிறந்தால் அந்த வேலை எந்த டீச்சர் தலையில் விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் பள்ளியில் அந்தத் தலை என்னுடையது. பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மலையாளத்துப் பக்கம் இருக்கிற சிறிய பள்ளி. தமிழ்ப் பிரிவுக்கு நான் டீச்சர்; பெண்ணானாலும் இந்தப் பக்கம் பாதிப் பேர் 'சாறே' என்றுதான் கூப்பிடுவார்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மதியச் சோறு எல்லோருக்கும் உண்டு. காலைச் சாப்பாடு அப்படியில்லை. அதற்கு ஒரு தனி நிதி வருகிறது. பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்காவது ஏழைகளுக்குத் தருகிற மஞ்சள் அல்லது பிங்க் ரேஷன் அட்டை இருந்தால்தான் அது பள்ளிக்குக் கிடைக்கும். நீலமும் வெள்ளையும் கணக்கில் சேராது. போன வருடம் வரை கிடைத்தது. இந்த முறை எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மூன்று பேர் குறைந்தது. திரும்ப எண்ணினேன். அதே மூன்று பேர் குறைவு. ஏழையாக இருந்தும் அட்டை ஒத்துவராத பிள்ளைகளும் சரியாக மூன்று பேர்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

முதல் ஆள் அஜிதா, நாலாம் வகுப்பு. எங்கள் பள்ளி வாசலில் நின்று கூப்பிட்டால் அவள் வீட்டில் கேட்கும். ஆனால் நடுவில் ஒரு ரோடு, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அம்மா முந்திரி ஆலையில் வேலை. தோல் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவர். அப்பா இல்லை. அவர்களுடைய ரேஷன் அட்டை தமிழ்நாட்டு அட்டை. எங்கள் படிவத்தில் இருப்பது நாலே நிறம். அந்த அட்டைக்கு நாலில் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் அதன் எண்ணை அடித்தால் 'தவறான எண்' என்று வருகிறது.

அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை, மேலே ஒரு விண்ணப்பம் எழுதிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் அட்டையை முந்தானையில் துடைத்து, திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ நாங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் பாவப்பட்ட ஆளுவ ஆக்கும், இல்லியா சாறே?"

பெரிய வீடு

இரண்டாவது, மீனாட்சி. தனுவச்சபுரம் பக்கம் பழைய சைவக் குடும்பம். பாட்டன் காலத்தில் ராஜாங்கக் கணக்கெழுத்து. நிலபுலன் எல்லாம் இருந்தது. இப்போது மிச்சம் அந்த வீடு ஒன்றுதான், அதிலும் நாலு பங்குக்காரர்கள் கோர்ட்டில் நிற்கிறார்கள். மீனாட்சியும் பெற்றோரும் ஒழுகாத ஒரே ஒரு அறையில் குடியிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, வேலைக்குப் போக முடியாது. ஆனால் ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு என்றால் அட்டை வெள்ளை. ஓட்டை விழுந்த இடத்தையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.

நான் போனபோது அம்மா உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்வாசல் வழியாக மீனாட்சி ஒரு கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடுவதை ஜன்னலில் பார்த்தேன். சற்று நேரத்தில் எனக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். அம்மா வாங்கி வாசித்துவிட்டுச் சொன்னார்: "எழுதிக்கோங்க டீச்சர், ஆனா கிளாஸ்ல எம்பிள்ளைக்க பேரைச் சத்தமா வாசிக்கப்பிடாது."

வெளிநாட்டு அப்பா

மூன்றாவது ஜெஸ்மி, மூணாம் வகுப்பு. குளத்தூர் கடற்கரைப் பிள்ளை. அப்பா வளைகுடாவில் ஒரு அரபியின் படகில் மீன் பிடிக்கப் போனார். முதல் வருடம் பணம் வந்தது, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. மூன்று வருடமாக ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. அட்டையில் மட்டும் அவர் 'வெளிநாட்டில்' இருக்கிறார். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு ஏழை வீடா? அட்டை வெள்ளை. அம்மா ஸ்டெல்லா தலைச்சுமையாக மீன் விற்கிறார், விடியுமுன் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவார். ஜெஸ்மிக்குக் காலைச் சாப்பாடு என்றால் அது எங்கள் பள்ளியில்தான்.

நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி சொன்னேன். அட்டையில் இருந்து அவர் பெயரை எடுக்கச் சொல்லி மனு கொடுங்கள், அட்டை மாறும், பிள்ளைக்குச் சாப்பாடு நிலைக்கும் என்றேன். ஸ்டெல்லா தலையிலிருந்த மீன் சருவத்தைக் கீழே இறக்கி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "பேரை வெட்டினா, நாளைக்கு அவரு திரும்பி வந்தா எங்க வந்து கேறுவாரு சாறே?"

ஆபீசர் வருகை

மூன்று பேருக்கும் நானே விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். பிள்ளைகளை நேரில் பார்த்து முடிவு சொல்ல ஒரு அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. இங்கேதான் நான் ஒரு பிழையைச் செய்தேன். ஆபீசர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். 'நாளைக்கு எல்லாரும் தலைகுளித்து, நல்ல உடுப்புப் போட்டு வரணும்.' இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வாக்கியம். யோசிக்காமல் அதையே சொன்னேன். போதாதென்று உதியன்குளங்கரைக் கடையில் பவுடர் டப்பாவும் ரிப்பனும் வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் அஜிதா பிச்சிப்பூ வைத்து வந்தாள். மீனாட்சி கழுத்தில் கவரிங் சங்கிலி. ஜெஸ்மி, பக்கத்து வீட்டுப் பெண் சர்ச்சில் புதுநன்மைச் சடங்குக்குப் போட்ட வெள்ளைக் கவுனில், வெள்ளைச் சாக்ஸோடு வந்து நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி நல்ல மனிதர், பிள்ளைகளிடம் குனிந்துதான் பேசினார். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். "சாப்பிட்டோம் சார்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். பொய்யில்லை. எட்டரை மணிக்கு எங்கள் சமையல்காரி தங்கம்மாக்கா கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டிருந்தார்கள். நான் வீட்டு நிலைமையெல்லாம் சொல்லச் சொல்ல, அவர் என்னையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடியபடி சொன்னார்: "நல்ல ஐஸ்வர்யமுள்ள பிள்ளைகள் டீச்சரே, இவங்களைப் பார்த்துட்டு நான் எப்படி ஏழைன்னு எழுதுவேன்?"

திங்கட்கிழமை

உத்தரவு வந்து, காலைச் சாப்பாடு நின்றது. இந்த மூன்று பேருக்கு மட்டுமல்ல, பள்ளிக்கே நின்றது. மஞ்சள் அட்டைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். தங்கம்மாக்கா உப்புமாச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளைகளை ஜோடித்து நிறுத்தினால் எவன் தருவான் என்று என் காதில் விழும்படி முணுமுணுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை.

சமையலறை வாசலில் ஜெஸ்மி வழக்கம்போல் தட்டோடு நின்றாள். இனிமேல் மத்தியானம் மட்டும்தான் மக்கா என்றேன். அவள் நகரவில்லை. தங்கம்மாக்கா சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கிறது. தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் சேலையைத் தொட்டுச் சொன்னாள்: "அது எனக்க உடுப்பு இல்ல சாறே, அன்னைக்கே திரிச்சுக் குடுத்தாச்சு, அந்த ஆபீசர் சாறுட்ட சொல்லுவியளா?"

ஏழ்மையை அளக்க அரசாங்கம் வைத்திருக்கிற கோலில் ஒரு குறையும் இல்லை, அளக்கிற அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பவுடர் பூசிவிட்ட நான்தான் குறை.