அம்மா படுத்துத் தூங்கிய மூன்று வாரங்கள்

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கொல்லை நடுவே பிறந்து, கல்யாணமாகி நைனார்பாளையத்துக்கு இறங்கி வந்தவர் எங்கள் அம்மா. அவர் நினைவாக அச்சிட்ட இந்த மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். கொஞ்சம் காரமாக எழுதுகிறேன். கோபம் வந்தாலும் முழுதாகப் படியுங்கள்.

போன மாசியில் அம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. எட்டு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். இதயம் பலவீனமாகி வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, நுரையீரல் விரிய இடமில்லை, இதயத்தையும் அது நெருக்குகிறது, ஊசி வைத்து வடிக்க வேண்டும் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பெரியப்பாதான் தலையாட்ட வேண்டும். அவர் ஆட்டவில்லை.

"தண்ணிய எடுத்தா தெம்பும் கூடவே போய்டும். குடிக்கிறத கம்மி பண்ணுங்க, தானா வத்திடும்" என்றார்.

அதைக் கேட்டு, டாக்டர் அளந்து கொடுக்கச் சொன்ன தண்ணீரையும் சொந்தக்காரர்கள் நீங்கள் நிறுத்தினீர்கள். இரண்டு நாள் போனது. நினைவோடு இருக்கும் நோயாளியே சம்மதக் கையெழுத்துப் போடலாம் என்று நர்ஸ் சொல்லும்வரை அம்மாவை யாரும் கேட்கவில்லை. காலேஜ் முடித்த நானும் கேட்கவில்லை.

அம்மா மூச்சு வாங்கியபடியே பெரியப்பாவைப் பார்த்தார். "இன்னா மாமா, கொல்லையில தண்ணி நின்னா கெழங்கு அழுவிப்போவும்னு வடிச்சி வுட சொல்றவரு நீங்கதான? எனக்கு மட்டும் வேணாமா?" என்னிடம் திரும்பி, "பேனாவ குடுடி" என்றார்.

முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாய் வைத்தார்கள். டாக்டர் நடுநடுவே நிறுத்தினார். "ஒரேடியா எடுத்தா அமுங்கின நுரையீரல் சட்டுனு விரிஞ்சி வீங்கிடும், பிரஷரும் எறங்கும். மெதுவாதான் எடுக்கணும்மா." வடிய வடிய, தறிகெட்டு ஓடிய நாடி நிதானத்துக்கு வந்தது.

"மாமா, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. அதுவும் நேரா முதுவுக்கு போய்டும்னு சொல்லாதீங்க."

பெரியப்பா எடுத்துவந்து கொடுத்தார்.

அதன்பின் மூன்று வாரம் அம்மா கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். பிறகு இதயம் நின்றுவிட்டது. காரியத்தன்று பந்தலில் யாரோ சொல்வது காதில் விழுந்தது: "ஊசி குத்தி தண்ணி எடுத்தாங்க, அதான் போய்ட்டா." அது பொய். நீரை வடித்தது இதயத்தைக் குணமாக்கவில்லை. மூச்சைத் திருப்பித் தந்தது. கொன்றது ஊசி என்று இனி என் காதுபட யாரும் சொல்லாதீர்கள்.

டாக்டருக்கும் நர்ஸ் அக்காவுக்கும், தண்ணீர் எடுத்துவந்த பெரியப்பாவுக்கும், வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி. நம் சொந்தத்தில் இனி யாருக்கு மூச்சு முட்டினாலும், பேனாவை முதலில் அவர் கையில் கொடுங்கள்.