டப்பாவில் தொங்கும் சிவப்பு அட்டை

என் தங்கை வீட்டுக்காரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு வாங்கும். முகத்துக்கு நேரே "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்பேன். மனதுக்குள் எப்போதும் அவன் இவன்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக். ஆள் நெட்டை, பேச்சு குட்டை. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உட்காருவதற்கு முன்னால் நாற்காலியின் நாலு கால்களையும் ஆட்டிப் பார்த்தான். "இவன் உன்னையும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் கட்டிக்குவான்" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள். நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. திரைச்சீலை தைக்கும் வேலை என்னுடையது. மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டு முன்னறையிலேயே என் தையல் மிஷினும் நானும் குடியிருக்கிறோம். மிஷினில் உட்கார்ந்தால் எதிரே சமையலறை. அதனால் அங்கே நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

அவர்களுக்கு ஒரே பெண். குட்டி என்று கூப்பிடுவோம். ஒன்றரை வயதில் யாரோ பிறந்தநாள் என்று ஒரு ஸ்பூன் கேக் ஊட்டிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. பிழைத்தது டாக்டர் புண்ணியம். முட்டை ஆகாது என்றார்கள். ஒரு துளிகூட ஆகாது, அடுத்த தடவை இதைவிட மோசமாகவும் வரலாம் என்றார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் முட்டை இல்லை, சமையலறை அவனுடையது.

தங்கைக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். ஆகவே பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கட்டுவது அவன். அதைக் கட்டுவது என்று சொல்வதா, சடங்கு என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவான். அதற்கென்று நீலப்பிடி கத்தி, அதற்கென்று ஒரு பலகை. உருளைக்கிழங்கை வதக்கி, ரொட்டி பாக்கெட்டைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் எறும்பு எறும்பாக இருக்கும் எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை படிப்பான். தினமும் அதே ரொட்டி, அதே எழுத்து.

"நேத்துப் படிச்சதுதானே மாப்பிள்ளை? விடியறதுக்குள்ள மாறிடுமா?"

"கம்பெனிக்காரன் மாத்துவான் அக்கா. நம்மகிட்ட சொல்லிட்டா மாத்துவான்?"

படித்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பான். எந்தக் கடை, எந்தச் சாமான், அதில் என்ன என்று எட்டு வருடத்து நோட்டு. அதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்ததுண்டு.

சிரிப்புக்குச் சிகரம் அந்த அட்டைதான். லிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். ஒருவன் லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுப் போவான். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது, முதலாளியே வந்தாலும் கூடாது. இரண்டு பேர் இறங்கினால் இரண்டு அட்டை. இவன் அந்த வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளையின் டப்பாவில் மாட்டினான். எவர்சில்வர் டப்பா, அதன் கொக்கியில் மெல்லிய கம்பி, கம்பியில் சிவப்பு பிளாஸ்டிக் அட்டை, அதில் கோணல் எழுத்தில் 'அப்பா'. கம்பியைக் குறடால் மூன்று முறுக்கு முறுக்குவான். பள்ளியில் பிள்ளை தானே பிரிப்பாள். அட்டை இல்லாத எதையும், டீச்சரே கொடுத்தாலும், அவள் தொடமாட்டாள். அப்படிப் பழக்கி வைத்திருந்தான்.

பள்ளியையும் அவன் விடவில்லை. அவசரத்துக்குத் தொடையில் குத்தும் ஊசி ஒன்று அவள் பையின் வெளியறையில் எப்போதும் இருக்கும். பழைய ஊசியை எடுத்துக்கொண்டு போய், ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்டி, வகுப்பு டீச்சர், வேன் டிரைவர், வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடாமல் குத்தவைத்துப் பார்த்தான். வாட்ச்மேன் பழத்தைக் குத்திவிட்டு அதை உரித்துச் சாப்பிடப் போனாராம். தலைமை ஆசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார். "ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னாலும் எங்களால முடியாதுங்க. வீட்லயே வச்சுப் படிக்க வைக்கிறதுதான் நல்லது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை, தன் நாற்காலி மேல்தான் அக்கறை. ஆனால் குட்டிக்கு அந்தப் பள்ளி என்றால் உயிர். சாப்பாட்டு அறையில் அவளுக்கு மட்டும் மூலையில் தனி மேசை. அப்படியிருந்தும், காய்ச்சல் அடித்தாலும் போகிறேன் என்று அழுவாள்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன்.

ஒருநாள் குட்டி என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, எல்லாரும் பளபளன்னு பன்னு கொண்டு வராங்க. மேல கண்ணாடி மாதிரி இருக்கும். நான் மட்டும் தினமும் உருளைக்கிழங்கு" என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைக் கைதி மாதிரி வளர்க்கிறானே, இவனெல்லாம் ஒரு அப்பனா என்று நினைத்தேன்.

நேரே தெருமுனை பேக்கரிக்குப் போனேன். "இந்தப் பன்ல முட்டை உண்டா?" என்று கேட்டேன்.

"மாவுல முட்டையே கிடையாதும்மா" என்றான் பேக்கரிக்காரன்.

பெரிய ஆராய்ச்சி முடிந்தது. எட்டு வருடமாக அவன் எழுதிக் கிழித்ததை நான் ஒரே கேள்வியில் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பன்னும் கையுமாகப் படியேறினேன். மறுநாள் காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் கம்பியைப் பிரித்து, ரொட்டியை எடுத்துவிட்டு, பன்னை வைத்து, கம்பியைக் கையாலேயே திரும்ப முறுக்கினேன். அட்டை நேராகத் தொங்கியது. மிஷினில் போய் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குட்டி கட்டிலில் படுத்திருந்தாள், முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாக. மூக்கில் குழாய். ஆபத்து தாண்டியாகிவிட்டது என்றார்கள். வகுப்பு டீச்சர், இருபத்திரண்டு வயதுப் பெண், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "தொடையில குத்தி பத்து எண்ணினேங்க. ஆரஞ்சுல பழகினதுதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சிரித்த ஆரஞ்சு.

தங்கை டாக்டரோடு போயிருந்தாள். நான் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினேன். அவள் வீங்கின உதட்டைக் கஷ்டப்பட்டுத் திறந்து, "அப்பா அட்டை இருந்துச்சு பெரியம்மா. அதான் சாப்பிட்டேன்" என்றாள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர்க்காரர்களையெல்லாம் நாக்கில் போட்டு வறுக்கிறவளுக்கு, தன் விஷயம் என்றதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவன் கிரீஸ் கையோடு ஓடிவந்தான். பிள்ளையைப் பார்த்தான், மானிட்டரைப் பார்த்தான், அதன் ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தான். பிறகு டீச்சர் கொண்டுவந்திருந்த டப்பாவைக் கேட்டு வாங்கினான். உள்ளே பாதிப் பன். கொக்கியில் அந்தக் கம்பி தொங்கியது. குட்டி கம்பியின் ஒரு நுனியை மட்டும் உருவித் திறந்திருந்தாள், முறுக்கின் சுருள் கலையாமல் இருந்தது. அதை விரலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். அவன் முறுக்குவது எப்போதும் இடப்பக்கமாக, குறடால். இது வலப்பக்கமாக, கையால், அதுவும் நாலு முறுக்கு. வீட்டில் அவனை விட்டால் நான் ஒருத்திதான். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மாலை பேக்கரிக்குப் போய்ச் சண்டை போட்டேன். நம் குற்றத்தை இறக்கி வைக்க ஒரு தோள் வேண்டுமே.

"மாவுல கிடையாதுன்னுதானேம்மா சொன்னேன்? அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி மேல முட்டையை பிரஷ்ல தடவினாத்தான் பளபளப்பு வரும். இது எல்லாரும் பண்றதுதானே?" என்றான், எனக்கே பாடம் சொல்கிற குரலில். வீட்டுக்கு வந்து அந்த நோட்டை முதல் தடவையாகத் திறந்தேன். ஐந்தாம் பக்கம், 'தெருமுனை பேக்கரி. பன்: மாவில் இல்லை. மேலே தடவுகிறார்கள். வேண்டாம்.' கோணல் எழுத்து. பேக்கரிக்காரன் முட்டாள் இல்லை, மாப்பிள்ளையும் முட்டாள் இல்லை. மிச்சம் யார் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். தங்கை பிள்ளையோடு இருந்ததால் நானும் அவனும் போனோம்.

"வீட்லேர்ந்து வந்த டப்பா, உங்க அட்டை, உங்க கம்பி. நீங்களே இப்படின்னா நாங்க என்ன பண்ண முடியும்? பேரை எடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தப்பு என்னோடதுதான் மேடம். என் அட்டை தொங்கினா, உள்ள இருக்கறதுக்கு நான்தான் பொறுப்பு."

அவ்வளவுதான் சொன்னான். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவனை ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வசதியைக்கூட அவன் எனக்கு வைக்கவில்லை. பேரை எடுத்துவிட்டால் குட்டி வீட்டில் என் வெட்டுத்துணியைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இவர் வைக்கல" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "நான்தான் வச்சேன். இவர் குளிக்கப் போனப்போ கம்பியைப் பிரிச்சு, பன்னை வச்சு, திருப்பி முறுக்கிட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரியாமதான். எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எட்டு வருடமாக நான் மாப்பிள்ளையைப் பார்த்த அதே பார்வை. வாங்கிக்கொண்டேன்.

"அப்படின்னா இன்னும் மோசம். வீட்டுக்குள்ளயே இப்படி ஆள் இருந்தா எப்படி நம்புறது?"

அவன் சட்டைப்பையில் கைவிட்டு இன்னொரு சிவப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் கோணல் எழுத்தில் 'பெரியம்மா' என்று இருந்தது. ராத்திரியே எழுதியிருக்கிறான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அந்தப் பையிலேயே கிடந்திருக்கும்.

"ரெண்டு பேர் இறங்கினா ரெண்டு அட்டை மேடம். இனிமே நான் கட்டறதை இவங்க முழுசா சரிபாத்து, இவங்க அட்டையையும் மாட்டுவாங்க. ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் திறக்க விடாதீங்க."

ஆண்டுப் பரீட்சை வரைக்கும் பார்க்கலாம், இன்னொரு தடவை என்றால் பேச்சே கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் தினமும் காலை, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் கிறுக்கு நான்தான். நேற்றுப் படித்த ரொட்டியை இன்றும் படிக்கிறேன். பலகையைத் தடவிப் பார்க்கிறேன். நோட்டில் கையெழுத்துப் போட்டு அட்டையை மாட்டுகிறேன். கம்பியை இடப்பக்கம் முறுக்க அவன்தான் சொல்லிக்கொடுத்தான், அதிலும் இரண்டு நாள் என்னைத் திருத்தினான்.

மூன்றாவது வாரம். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று அவன் சீக்கிரமே தன் அட்டையை மாட்டிவிட்டு ஓடினான். எனக்கோ அன்று ஒரு ஹோட்டலுக்கு நாற்பது திரைச்சீலை கொடுத்தாக வேண்டும். அவன் கட்டும்போதே எல்லாவற்றையும் பார்த்தேன், படித்தேன், கையெழுத்தும் போட்டேன். வேன் ஹாரன் அடித்தது. டப்பாவைக் குட்டி கையில் கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். மிஷின் சத்தத்தில் பள்ளியிலிருந்து நாலு தடவை வந்த போன் எனக்குக் கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு வந்தாள். முகம் வாடி, உதடு காய்ந்திருந்தது. டப்பாவை மேசைமேல் வைத்தாள். கனமாக இருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"உங்க அட்டை இல்ல பெரியம்மா."

"பைத்தியமாடி உனக்கு? நான்தானே பாத்தேன், நான்தானே படிச்சேன், நானே உன் கையில குடுத்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் கால்களை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மிஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து அட்டையை எடுத்தேன். கம்பி இரண்டு தடவை வழுக்கியது. இடப்பக்கமாக மூன்று முறுக்கு. அதைப் பிரித்துவிட்டுத்தான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.