சிவப்புப் பைப்பிங் போட்ட ஓட்டை

எங்கள் அண்ணியைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி சீட்டுக்கு உறை தைப்பது அவள் தொழில். பழைய உறையைக் கொண்டுவந்து போட்டால், புதுசை அச்சு அசலாக அப்படியே தைத்துக் கொடுத்துவிடுவாள். மடிப்பு மாறாது, வளைவு மாறாது, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதுகூட மாறாது. இதில் அவளுக்கு இருக்கிற கர்வத்தை அளந்து வெட்டினால் ஒரு பஸ்ஸுக்கே உறை தைக்கலாம்.

நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. இந்த விஷயத்தில் முழுக்க நம்பலாம், ஏனென்றால் இதில் பாதித் தப்பு என்னுடையது.

கடை என்பது ஒரு கார் நிறுத்துகிற அளவு அறை. இரண்டு மெஷின், நடுவில் வெட்டு மேசை, சுவரோரம் ரெக்சின் சுருள்கள், தலைக்கு மேலே ஒரு பரண். பழைய உறையைத் தையல் தையலாகப் பிரிப்பது நான். பிரித்த துண்டுகளைப் புது ரெக்சின்மேல் வைத்து, சாக்பீஸில் கோடு போட்டு வெட்டித் தைப்பது அண்ணி. இந்தத் தொழிலில் பழைய உறைதான் மாதிரி, வேறு வரைபடம் கிடையாது. அதனால் ஒரு துண்டைக்கூடத் தூக்கிப்போட மாட்டாள். வண்டிக்காரன் பேரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள்.

ஒருமுறை ஒரு டீச்சரம்மா தன் தோள்பையைக் கொண்டுவந்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். பையின் அடிப்பக்கம் எப்போதோ கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது. அண்ணி புதுப் பையிலும் அதே இடத்தில், அதே அளவில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். டீச்சரம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். "என்ன அண்ணி இது?" என்று கேட்டேன். "இதே மாதிரின்னுதானே கேட்டாங்க?" என்றாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஊருக்கு வெளியே மணல்மேடுகள் இருக்கின்றன. ரோடே இல்லாத அந்த மேட்டில் ஏறி இறங்குவதற்கென்றே ஒரு வண்டி விற்கிறார்கள். நாலு தடித்த சக்கரம், கதவு கிடையாது, தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். குதித்துக் குதித்துப் போவதால் நாங்கள் அதைத் தவளை என்போம். அதில் ஏறி, வாயெல்லாம் மணலாகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு லீவு நாளில் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதில் என்ன சுகமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே மூன்று தவளைகளை வைத்துச் சவாரி விட்டுக்கொண்டிருந்தவர் மீசைக்காரர். மீசையின் இரண்டு நுனியும் கண்ணைக் குத்திவிடுமோ என்கிற மாதிரி முறுக்கியிருப்பார். தினமும் மணலில் உருளுகிற தொழில், ஆனால் மீசையில் ஒரு பொட்டு மணல் இருக்காது. அவர்தான் தன் வண்டிகளின் கிழிந்த சீட் உறைகளை ஒவ்வொன்றாக எங்களிடம் கொண்டுவந்தார்.

முதல் உறையைப் பிரிக்கும்போதே நான் பார்த்துவிட்டேன். சாய்மானத்தில், இடப்பக்கம் கீழ்மூலையில், மெஷினில் நூல் சுற்றுகிற பாபின் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. ஓரம் உருகி, கெட்டியாகி, மெஷினில் வைத்து அழுத்தியதுபோல மழமழவென்று இருந்தது.

"அண்ணி, இங்க ஒரு ஓட்டை இருக்கு."

அவள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள். "கம்பெனிக்காரன் சும்மாவா வைப்பான்? முதுகு வேர்க்காம இருக்க காத்துக்கு வச்சிருப்பான்" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அடுத்த வாரம் இரண்டாவது உறை வந்தது, அதிலும் அதே இடத்தில் ஓட்டை. மூன்றாவதிலும் அப்படியே. "பார்த்தியா!" என்று அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உள்ளே ஃபோம் அந்த இடத்தில் கறுத்துப்போயிருந்தது. பழைய ஃபோம் கறுக்கத்தானே செய்யும் என்று நான்தான் சொன்னேன். அதைக் கழித்துப் புதுசு வைத்தோம்.

புது உறை மூன்றிலும் அண்ணி அந்த ஓட்டையை அளந்து வெட்டி, சுற்றிலும் சிவப்புப் பட்டியை உருட்டி மடித்துப் பைப்பிங் போட்டாள். மீசைக்காரருக்கு வாயெல்லாம் பல். சீட்டைப் படம் பிடித்துச் சவாரி நோட்டீஸில் பெரிதாக அச்சடித்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீசைக்காரர் ஒரு பேங்க் அதிகாரியை ஏற்றிக்கொண்டு மேட்டின் உச்சிக்குப் போயிருக்கிறார். "முதுகு சுடுதுங்க" என்றிருக்கிறார் அதிகாரி. "இன்ஜின் சூடு சார், அப்படித்தான் இருக்கும்" என்றிருக்கிறார் இவர். அடுத்த நிமிஷம் சீட்டுக்குப் பின்னாலிருந்து புகை. இரண்டு பேரும் குதித்து மணலில் உருண்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் அதிகாரி "ஐயோ, என் பை!" என்று கத்த, மீசைக்காரர் திரும்ப ஓடிப் பையை எடுத்தார், பாதி மீசை போய்விட்டது. பைக்குள் இருந்தது ஒரு துண்டும் இரண்டு வாழைப்பழமும்.

வண்டி எலும்புக்கூடாகிவிட்டது. மீசைக்காரர் மிச்சமிருந்த பாதியையும் மழித்துக்கொண்டு, ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனிமேல் வழக்குப் போட்டார். சைலன்சர் குழாய் சீட்டை ஒட்டிப் போகிறது, நடுவில் ஒரு தகடுகூட இல்லை, வண்டியே தப்பாகச் செய்யப்பட்டது என்பது வழக்கு. கம்பெனி தலையணை கனத்துக்குப் பதில் அனுப்பியது. எங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை, உள்ளூரில் உறை தைத்தவர் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறார், அதன் வழியாகச் சூடு போய் ஃபோம் பற்றிக்கொண்டது. ஆதாரம், சிவப்புப் பைப்பிங்கோடு மீசைக்காரர் அச்சடித்த அதே நோட்டீஸ்.

வக்கீலம்மா எங்கள் கடைக்கே வந்து அதைப் படித்துக் காட்டினார். கம்பெனி சொன்னது நிலைத்தால் மீசைக்காரர் வழக்கு அம்பேல். மற்ற இரண்டு வண்டியையும் ஓட்ட அவருக்கே பயம், நிறுத்திவிட்டார். எங்கள் கதையும் அதோடு சரி. இவள் தைத்த உறையால் வண்டி எரிந்தது என்று தீர்ப்பில் எழுதிவிட்டால், அப்புறம் எங்கள் படியேறி யார் வருவார்கள்? வழக்கமாக வருகிற இரண்டு டாக்ஸிக்காரர்கள் அதற்குள்ளேயே வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"ஏம்மா அந்த ஓட்டையைப் போட்டீங்க?" என்றார் வக்கீலம்மா.

அண்ணி சாக்பீஸை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் போனதும் பரணில் ஏறி, மீசைக்காரர் பேர் எழுதிய கட்டை இறக்கினாள். மூன்று பழைய உறைகளையும் வெளிச்சத்தில் பிடித்தாள். உருகிய ஓரத்தை நகத்தால் சுரண்டினாள், கறுப்பாக உதிர்ந்தது. மோந்து பார்த்தாள். பிறகு மெஷின் முன்னால் போய், தைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அது காற்றுக்கு வைத்த ஓட்டை இல்லை. சூட்டில் பொசுங்கின ஓட்டை. அதற்குப் போய்ப் பைப்பிங் போட்டிருக்கிறோம்!

"அண்ணி, இதைச் சொல்லிடுங்க. சொன்னா தப்பிச்சிடலாம்."

"என்னன்னு சொல்றது? பொசுங்கின ஓட்டையைப் பார்த்து டிசைன்னு நினைச்சுட்டேன்னா? நாளைக்குத் தெருவே கைகொட்டிச் சிரிக்கும்."

அண்ணன், அதாவது அவள் புருஷன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், சண்டை என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள். "கேட்டா மறந்துபோச்சுன்னு சொல்லிடேன்" என்றார். அவருக்கு அன்று தோசை கரிந்ததாகத்தான் கிடைத்தது. குற்றவாளி என்று சொன்னால்கூட அண்ணி பொறுத்துக்கொள்வாள். தொழில் தெரியாதவள் என்றால் தாங்கமாட்டாள். அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல, இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை.

சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்த விசாரணை அன்று அண்ணி ஒரு பெரிய பையைக் கொண்டுவந்தாள். சாப்பாட்டுப் பை என்று நினைத்து பஸ்ஸில் நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். கோர்ட் அறை எங்கள் கடையைவிட ஒரு சுற்றுப் பெரிது, அவ்வளவுதான். மின்விசிறி சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. முன்வரிசையில் மீசைக்காரர், மழித்த முகத்தோடு யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி வக்கீல் தேன் குரல்காரர். நோட்டீஸைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஓட்டையைப் போட்டது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"யார் போடச் சொன்னா? வண்டிக்காரரா? சொல்லுங்க, பயப்படாதீங்க. அவர் சொல்லியிருந்தா உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி மீசைக்காரர் தலையில் விழும், இவள் மானம் தப்பிவிடும். அண்ணி மீசைக்காரரின் வெறும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பையைக் குடு" என்றாள்.

"அவர் சொல்லலைங்க. உங்க கம்பெனிதான் சொல்லிச்சு."

பையிலிருந்து வந்தது சாப்பாடு இல்லை. மூன்று பழைய உறைகள். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் கம்பெனியே தைத்த லேபிள், அதில் வண்டி நம்பர். எரிந்துபோன வண்டியின் நம்பரும் அதில் ஒன்று. அண்ணி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீதிபதியிடம் ஒரு பென்சில் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் பென்சிலையே கொடுத்தார். அதை மேல் ஓட்டையில் விட்டாள், அடி ஓட்டை வழியாக வெளியே வந்தது.

"மூணு வண்டி, ஒரே ஓட்டை. நான் பழசைப் பார்த்துத்தாங்க தைக்கிறவ. பழசுல இருந்துச்சு, புதுசுலயும் வச்சேன்."

கம்பெனி வக்கீலின் தேன் தீர்ந்துவிட்டது. "ஏம்மா, எரிஞ்சுபோன ஓட்டைக்கும் டிசைனுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? இத்தனை வருஷமா என்ன தொழில் பண்றீங்க?"

அறையே சிரித்தது. அண்ணி எதற்குப் பயந்தாளோ அது அப்படியே நடந்தது. அவள் காது வரைக்கும் சிவந்துவிட்டது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"தெரியாமத்தான் போச்சு சார். கம்பெனி பண்ணினா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். நம்பினது என் தப்பு. எரிஞ்சது யார் தப்பு?"

சிரிப்பு நின்றது. நீதிபதி பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வக்கீல் சார், எரிஞ்ச ஓட்டைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இவங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்கு" என்றவர், குமாஸ்தா பக்கம் திரும்பி, "எழுதிக்கோங்க" என்றார். கம்பெனி வக்கீல் ஃபைலைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்தார். வெளியே வந்ததும் நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். "பசிக்குது, சாப்பாடு எங்கே?" என்றாள். அதைத்தான் யாரும் கொண்டுவரவில்லையே!

வழக்கு ஜெயித்தது, மீசைக்காரருக்குப் புது வண்டி கிடைத்தது. அந்த ரகத் தவளை எல்லாவற்றையும் கம்பெனி திரும்ப வரவழைத்து, குழாய்க்கும் சீட்டுக்கும் நடுவில் தகடு வைத்துக் கொடுத்தது. மீசை திரும்ப வளர்ந்தது, இடதுபக்கம் கொஞ்சம் கம்மிதான். அண்ணி சொன்ன மாதிரியே தெரு சிரித்தது. அச்சக்கா, ஓட்டையக்கா ஆனாள். டாக்ஸிக்காரர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா கடைவாசலில் வந்து நின்றார். பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தாராம். கையில் ஒரு தவளையின் சீட் உறை. "பேப்பர்ல உங்க ஓட்டையைப் பத்திப் படிச்சோம். உடனே போய் எங்க வண்டியைப் பார்த்தோம்" என்றார். உறையை விரித்தார். இடப்பக்கம், கீழ்மூலை. "இந்த இடத்துலதாங்க வாராவாரம் என் ரெண்டு பிள்ளைங்களும் முதுகைச் சாய்ச்சு உட்காருவாங்க." அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணியும் கையை எடுக்கவில்லை. என் கண்ணில்தான் ஏதோ விழுந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனி தகடு வச்சுக் குடுத்துட்டாங்க. உறை மட்டும் நீங்க தச்சுக் குடுங்கக்கா. இதே மாதிரி வேணும்."

அண்ணி உறையை மேசைமேல் போட்டு, சாக்பீஸை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரம், வளைவு, மடிப்பு எல்லாவற்றுக்கும் கோடு போட்டாள். இடப்பக்கக் கீழ்மூலைக்கு வந்ததும் கை ஒரு கணம் நின்றது, பிறகு அந்த வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"இதே மாதிரி தரேன்" என்றாள். "ஓட்டை மட்டும் கிடையாது."