ஓக்கிட்டுக்குத் தண்ணி காட்டினேன்

ஒன்பது வயதில் நான் ஒரு செடியைக் கொன்றேன். கெட்ட எண்ணத்தில் அல்ல, அளவுக்கு மிஞ்சிய உபசாரத்தால்தான். செடியோடு விஷயம் முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உயிலங்குளத்துக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊருக்கு நாங்கள் திரும்பி வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான். நான்கு பேருக்கும் ஒரு தகரக் கொட்டில். வளவைச் சுற்றி முள்கம்பி, அதற்கு வெளியே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். பலகைக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் முழந்தாளில் இருந்து நிலத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கிணற்றுக்கும் தண்ணீர் பவுசர் வந்து நிற்கும் சந்திக்கும் மட்டும் வெள்ளைக் கல் வைத்த பாதை இருந்தது. கல்லைத் தாண்டினால் வெடிக்கு முன்னால் தானே என் காலை முறிப்பதாக அம்மா சொல்லியிருந்தார். ஓடவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் எனக்கு நாள் முழுக்க உள்ளங்கால் அரித்தது.

எனக்கென்று ஒரே ஒரு உத்தியோகம் இருந்தது. திரும்பி வந்த குடும்பம் என்று எங்களுக்கு உதவியாகக் கொடுத்த இரண்டு ஆடுகளுக்கும் தண்ணீர் காட்டுவது. வாளி நிறையக் கிணற்றுத் தண்ணீர், ஒரு பிடி தவிடு, ஒரு சிட்டிகை உப்பு. ஆடு குடித்து முடித்துத் தானாகத் தலையை எடுக்கும் வரை வாளியை எடுக்கக் கூடாது. இதில் என்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

சித்திக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. வந்த சம்பந்தங்களில் ஒன்று முதல் இடம்பெயர்வில் குழம்பியது, இன்னொன்று முகாமில் குழம்பியது. அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. இரவில் அம்மா அப்பாவிடம் குசுகுசுக்கும் கதையெல்லாம் சித்தியின் கதைதான். சித்தியோ ஓரிடத்தில் இருக்க மாட்டார். கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டுவார். மடித்த உடுப்பை உதறி மறுபடி மடிப்பார். வீதியில் வாகனச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வேலியடிக்குப் போவார்.

அந்த வாகனத்தில்தான் அவர் வருவார். கண்ணிவெடி அகற்றுகிறவர்களில் ஒருவர், மட்டக்களப்புப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்து பழகியவர். ஒரு நாள் விழுந்து கிடந்த பாலை மரத்தின் கொப்பிலிருந்து ஒரு செடியை எடுத்து, ஒரு மரத்துண்டில் மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டி, வேலிக்கு மேலால் சித்தியிடம் நீட்டினார். ஓக்கிட்டாம், மரத்தில் ஒட்டி வளருகிற பூச்செடி. முழுச் செடியும் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஒவ்வொரு இலையும் சின்னி விரல் நகத்தளவு.

"பூத்தாச் சொல்லி அனுப்புங்க. மறுகா அம்மாவக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். மறுகா என்றால் அவர்கள் ஊரில் பிறகு என்று அர்த்தமாம்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளங்கையளவு செடியில் வரப்போகிற பூவைப் பார்க்க ஒரு மனுசி மட்டக்களப்பிலிருந்து இத்தனை பஸ் மாறி வருவாரா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு பூப் பைத்தியமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மரத்தை உறிஞ்சிற குருவிச்சையைக் கொண்டுவந்து கட்டுறாள். உள்ள ஒரு தேசிமரமும் பட்டுப்போகப்போகுது" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனாலும் செடியைக் கழற்றி எறியவில்லை. அம்மாவுக்கும் அந்த வாகனச் சத்தம் பிடிபட்டிருக்க வேண்டும்.

சித்தி அதைக் குசினி நிழலில் கம்பியில் தொங்கவிட்டார். கிணற்றுத் தண்ணீர் உவர் என்று அதற்கு ஆகாது. தகரத்தில் வடிந்த மழைத் தண்ணீரைப் போத்தல்களில் சேர்த்து வைத்திருந்தார். காலையில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மரத்துண்டை முக்கி, மனதுக்குள் பத்து வரை எண்ணி எடுத்துவிடுவார். பிறகு ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஐந்து தரம், பூச்சி வந்ததா என்று பார்க்க ஐந்து தரம். என்னைத் தொட விடமாட்டார். மாரி முடிகிற நேரம் ஒரு நாள் நூல் போன்ற தண்டில் ஒரு மொட்டு, குண்டூசித் தலையளவு. சித்தி அன்று சீப்பெடுத்து இரண்டு தரம் தலை இழுத்தார்.

மொட்டு வந்த கையோடு சித்திக்கு வவுனியாவுக்குப் போகவேண்டி வந்தது. தொலைந்த பிறப்புப் பத்திரத்துக்குப் பதில் எடுக்கும் அலுவல், மூன்று நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று செருப்பைக் கொளுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"காலமையில ஓக்கிட்டுக்கு ஒருக்காத் தண்ணி காட்டு, என்ன?"

"ஓம் சித்தி" என்றேன். சித்தி செய்வது முக்கி எடுப்பது, இது தண்ணி காட்டுவது; எனக்குத் தெரியாத வேலையா?

வாளி நிறையக் கிணற்றுத் தண்ணீர், ஒரு பிடி தவிடு. சித்தியின் செல்லச் செடி என்பதால் உப்பில் ஒரு சிட்டிகை கூடுதல். மரத்துண்டை அதற்குள் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஓக்கிட் தலையை எடுக்கவில்லை. பாவம், எத்தனை நாள் தாகமோ என்று அப்படியே குசினிக்குப் பின்னால் விட்டேன். மூன்றாம் நாள் சித்தி வருகிற நேரம்தான் எடுத்துத் தவிட்டைக் கழுவித் தொங்கவிட்டேன்.

"தண்ணி காட்டினனியே?"

"ஓம்."

பொய்யே இல்லை. ஒரு கிழமையில் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. மொட்டு கறுத்தது. தான் மூன்று நாள் விட்டுப் போனதுதான் குற்றம் என்று சித்தி நினைத்தார். அவர் அழுதபோது, என் வாளிதான் காரணம் என்று விளங்கி, நான் ஆடுகளிடம் போய் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த நாட்களில் ஒரு செய்தி வந்தது. எங்கள் பக்கத்து வேலை முடிந்து அவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போகிறார்கள். சித்தி முற்றத்தை மூன்று தரம் கூட்டினார். பிறகு என்னை வேலியடிக்கு இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சந்தியில வாகனம் நிக்குது. அவரிட்டைச் சொல்லு, செடி பட்டுப்போச்சு, எண்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டாம் எண்டு. மறந்துபோகாதை."

வெள்ளைக் கல்லுக்குள்ளேயே ஓடினேன். அவர் வாகனத்தின் பின்பக்கம் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"பூ வந்திட்டா, மகள்?"

"இல்லை. செத்துப்போச்சு."

"ஏன், என்ன நடந்த?"

இதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாளியும் தவிடும் கண்ணுக்குள் வந்தன. அவர் தந்த செடியை நான் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? பழியைச் சித்தியின் தலையில் போட்டேன்.

"சித்தி தண்ணி காட்டிப்போட்டா."

அவருடைய சிரிப்பு நின்றது.

"இதச் சொல்லவா உங்கள அனுப்பின?"

"ஓம், சித்திதான் அனுப்பினவ."

கையிலிருந்த சாமானை வாகனத்துக்குள் வைத்தார். பிறகு பொக்கெற்றிலிருந்து ஒரு டொபி எடுத்துத் தந்து, "சரி மகள். கல்லுக்குள்ளயே நடந்து போங்க" என்றார்.

சித்தி சொல்லி அனுப்பியதில் இரண்டாவது பாதி எனக்கு மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பூவே இல்லாதபோது அந்த அம்மா எதைப் பார்க்க வருவது என்று யோசித்தேன். அந்த யோசனையில் நிற்கும்போதே வாகனம் புறப்பட்டுவிட்டது.

"சொன்னனியே? என்ன சொன்னவர்?" சித்தி வேலியடியிலேயே நின்றார்.

"சரி எண்டவர்."

சித்தி அன்றே பக்கத்து வீட்டில் இரண்டு கதிரைகள் இரவல் வாங்கி வந்து துடைத்து வைத்தார். கதிரைக்காரர் தங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிக் கேட்கும் வரை அவை எங்கள் கொட்டிலில் இருந்தன. யாரும் வந்து அவற்றில் இருக்கவில்லை. வெறும் மரத்துண்டை அதற்குப் பிறகும் சில மாதம் சித்தி மழைத் தண்ணீரில் முக்கி எடுத்தார், ஒரு வேர் பச்சையாக இருக்கிறதாம்.

பல வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்தபோது, ஒரு பிள்ளை பத்திரிகையைச் சத்தமாக வாசித்தாள்: பொலிசாருக்குத் தண்ணி காட்டிய கள்ளன். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தி, பத்திரிகையை வாங்கி அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். ஏய்த்துவிட்டாள், போக்குக் காட்டிவிட்டாள்! இதைத்தான் அந்த மனுசன் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார், அதுவும் சித்தியே சொல்லி அனுப்பியதாக.

சித்தி இப்போதும் அம்மாவோடுதான் இருக்கிறார். கொட்டில் கல்வீடாகிவிட்டது. ஒவ்வொரு தரம் போகும்போதும் சொல்லிவிட நினைத்துப் போகிறேன், சொல்லாமல் வருகிறேன்.

அன்று பின்னேரம் எனக்கு இதொன்றும் தெரியாது. டொபி வாயில் கரைய, மட்டக்களப்பிலிருந்து ஒரு வயதான அம்மா வீணாக அலையாமல் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.