லுசேர்ன் பாலத்தில் நின்ற ஆள்

பேய், பிசாசு, முனி, செய்வினை என்று எதையும் நம்பாதவன் நான். ஊரில் உச்சிப்பொழுதில் ஆட்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடக்கிற ஆலமரத்துக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, பீடி பற்றவைத்து, ஆறுதலாகக் குடித்துவிட்டு வந்தவன். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு 'அண்ணைக்கு வயசு போயிட்டுது' என்று நீங்கள் மனதுக்குள் நினைத்தால் நினையுங்கள், எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் என்னோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி யோகம். அவள் பொய் சொல்ல மாட்டாள், எனக்காகக்கூடச் சொல்ல மாட்டாள், அதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் நாங்கள் இருந்தோம், நான் ஒரு பிளாஸ்டிக் பக்டரியில் மெஷின் ஓட்டினேன். யோகத்தின் தங்கச்சி செல்வி சுவிஸில், லுசேர்ன் என்கிற நகரத்தில் இருந்தாள். கொழும்பில் பிரிந்த அக்காவும் தங்கச்சியும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிரிந்த அன்றைக்கு இரண்டு பேரும் கதைக்கிற நிலையிலும் இல்லை, ஏனென்றால் யோகத்தின் பச்சைச் சேலையைச் செல்வி கேட்காமல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். போனில் மாதம் ஒருமுறை கதைப்பார்கள், ஊர்க்கதை, பிள்ளைகளின் கதை எல்லாம் வரும், அந்தச் சேலையின் கதை மட்டும் வராது.

செல்வி எங்களை முதல்தரம் கூப்பிட்டபோது எங்களிடம் கடவுச்சீட்டு இல்லை, அது நியாயமான காரணம். இரண்டாம்தரம் தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்குக் கூப்பிட்டாள், அப்போது கடவுச்சீட்டு வந்துவிட்டது, நான் லீவு இல்லை என்றேன். மூன்றாம்தரம் அந்தக் குளிர்காலத்தில் போன் எடுத்து, "அக்கா, இந்தக் கோடைக்கு வாங்கோ. இனி நான் கேக்கமாட்டன்" என்றாள். யோகம் போனை வைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனாள். தேவைக்கு மேலாக நிறைய வெங்காயம் வெட்டினாள்.

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. ஆனால் கோடைக்குக் கிடைக்கிற அந்தச் சின்ன லீவை ஒரு ஊருக்குக் கொண்டுபோய்ச் செலவழிப்பதென்றால் அந்த ஊர் அதற்குப் பெறுமதியா என்று விசாரிக்க வேண்டாமா? விசாரித்தேன். எங்கள் பக்டரியில் தேவா அண்ணை இருந்தார், ஜேர்மனியில் தமக்கையின் மகளின் கலியாணத்துக்குப் போனவர், போன கையோடு லுசேர்னுக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். ஸ்காபரோவிலேயே அந்த ஊரைக் கண்ணால் கண்ட ஒரே நிபுணர் அவர்தான்.

"ரெண்டு மணித்தியாலம் காணும்," என்றார் தேவா அண்ணை. "ஒரு ஏரி. ஏரிக்கு அங்கால மலை. ஒரு மரப்பாலம், அதுவும் எரிஞ்சுபோய்த் திருப்பிக் கட்டினது. பாறையில வெட்டின ஒரு சிங்கம், அதுவும் சாகக் கிடக்குது. அவ்வளவுதான்."

"அன்னம் நீந்துமாமே அண்ணை?"

"நீந்தும். ஒன்ராறியோ ஏரியில வாத்து நீந்தேல்லையே?"

எனக்குப் பரம திருப்தி. அந்த விசாரணை அறிக்கையை அப்படியே யோகத்திடம் ஒப்புவித்தேன். தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் நயாகராவுக்குப் போகலாம், வெளியூரிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் நான்தானே காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன், அந்த நீர்வீழ்ச்சிக்கே என்னைக் கண்டால் அலுத்துப்போயிருக்கும். யோகம் எல்லாவற்றையும் கேட்டாள். "நான் ஏரி பாக்கவே கேட்டனான்?" என்று மட்டும் சொன்னாள்.

தேவா அண்ணை லுசேர்னிலிருந்து திரும்பும்போது செல்வி அவரிடம் சாமத்தியவீட்டு வீடியோ கசெட்டைக் கொடுத்துவிட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கசெட்டோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பரிமளம் அன்ரியையும் யோகம் கூப்பிட்டிருந்தாள், ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கசெட் ஒன்று வந்தால் அதுவே ஒரு விசேஷம்தான். நான் சாய்மானக் கதிரையில் இருந்தேன், அந்த ஊரில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே.

யோகம் கசெட்டை வீடியோ டெக்குக்குள் தள்ளினாள். எங்கள் ஆட்களின் சாமத்தியவீட்டு வீடியோ எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும், பிள்ளையைக் காட்டமாட்டான், முதலில் ஊரைத்தான் காட்டுவான். ஏரி, அன்னம், மலை, ரோசாப்பூவுக்குள்ளிருந்து பிள்ளையின் பெயர். பிறகு அந்த மரப்பாலம். கைப்பிடி நீளத்துக்குப் பெட்டி பெட்டியாகப் பூ. கமரா மெதுவாகப் போகிறது, பாலத்தின் நடுவில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், எனக்கு அந்த முதுகு தெரியும். மண்ணிறக் கோட். பழைய உடுப்புக் கடையில் நான் எடுத்த கோட், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த ஆள் திரும்பினான். கோட்டின் மூன்றாவது பொத்தான் நீலம், மற்றவை எல்லாம் மண்ணிறம். அந்த நீலப் பொத்தானை யோகம் தன்னுடைய பழைய கோட்டிலிருந்து வெட்டி எனக்குத் தைத்துத் தந்தவள், உலகத்தில் அப்படி இரண்டு கோட் இருக்க முடியாது. அந்தக் கோட் அந்த நேரம் எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோட்டை விடுங்கள், முகம் என் முகம். தலை முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. கமராவை நேரே பார்த்துச் சிரிக்கிறான். அப்படியொரு சிரிப்பு என் முகத்துக்கு வரும் என்று எனக்கே தெரியாது. கலியாணப் படத்தில்கூட நான் வழக்குக்குப் போனவன் மாதிரித்தான் நிற்கிறேன். அவன் கையைத் தூக்கி, 'காணும், காணும், இனி நிப்பாட்டு' என்பதுபோல ஆட்டினான். பிறகு வீடியோவில் மண்டபமும் மேளச் சத்தமும் வந்துவிட்டன.

ஒருவரும் ரோல்ஸைக் கடிக்கவில்லை.

"உது நீங்களப்பா," என்றாள் யோகம்.

"எட, நீ எப்பயடா அங்க போனனி?" என்றார் தேவா அண்ணை. "போயிட்டு வந்துபோட்டோ என்னட்டை ஊர் எப்பிடி எண்டு விசாரிச்சனி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பரிமளம் அன்ரி, "ஆம்பிளையள் உப்பிடித்தான், தாங்கள் மட்டும் போய்ப் பாத்திட்டு வருவினம்," என்றா. என்னைப் போல ஒருவன் கடலுக்கு அப்பால் நின்று கையாட்டியிருக்கிறான், இவர்களுக்கு அது பெரிதில்லை, நான் பெண்சாதிக்குத் தெரியாமல் சுவிஸ் போய்வந்ததுதான் பெரிது.

கடவுச்சீட்டை எடுத்துவந்து விரித்துக் காட்டினேன். யோகம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள், ஒரு முத்திரையும் இல்லை.

"சில இடத்தில குத்தாமலும் விடுவினமாம்," என்றா பரிமளம் அன்ரி.

"சாமத்தியவீடு நடந்த கிழமை உங்களுக்கு டபுள் ஷிப்ட் எண்டு சொன்னனீங்கள்," என்றாள் யோகம்.

"டபுள் ஷிப்ட் முடிச்சு வீட்டதானே வந்து படுத்தனான், நீர்தானே சாப்பாடு போட்டனீர்?"

"ஓம், வந்தனீங்கள்," என்றாள். அந்த 'ஓம்' எனக்கு ஒரு பக்கமும் உதவவில்லை.

திருப்பிப் பார்ப்போம் என்று கசெட்டைப் பின்னுக்கு ஓட்டினேன். திரும்பப் போட்டால் படம் இல்லை, சாம்பல் நிறத்தில் வரி வரியாக ஓடுகிறது. டெக்கில் தட்டினேன், கசெட்டுக்குள் ஊதினேன், ஒன்றும் நடக்கவில்லை. தேவா அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சாட்சியை அழித்துவிட்டேனாம்.

அடுத்த நாளே கசெட்டைத் தமிழ் வீடியோக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் லேபலைப் பார்த்தார், சிரித்தார். "அண்ணை, உது ஐரோப்பாக் கசெட், 'பால்' எண்ட சிஸ்டம். கனடா டெக்கில ஓடாது. மாத்தித் தாறன், பேந்து பாருங்கோ."

"நேற்று ஓடினது," என்றாள் யோகம்.

"ஓடியிருக்காது அக்கா. வரி மட்டும்தான் வரும்."

"கலரில ஓடினது. மேளச் சத்தமும் கேட்டது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் மேலே கூரையைப் பார்த்தேன். மாற்றித் தந்த கசெட்டை அங்கேயே போட்டுப் பார்த்தோம். ஏரி வந்தது, அன்னம் வந்தது, ரோசாப்பூவுக்குள்ளிருந்து பிள்ளையின் பெயர் வந்தது, பாலம் வந்தது. பாலத்தில் ஒரு குருவிகூட இல்லை.

எனக்கு அப்போதுதான் வேர்த்தது. யோகம் அமைதியாக, "உங்களைக் காணேல்லை," என்றாள்.

பயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். அந்தக் கிழமை முடிவதற்குள் கதை கோயில் வரைக்கும் போய்விட்டது. பக்டரியில் தெரியாதவன்கூட வந்து, "அண்ணை, லுசேர்ன் போகலாமோ, பாக்கக்கூடிய இடமோ?" என்று கேட்கிறான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. தனியாகப் போனவன் என்ற பெயர் எடுத்தாயிற்று, அதைக் கழுவ ஒரே வழி யோகத்தைக் கூட்டிக்கொண்டு உண்மையாகவே போவதுதான். அந்தக் கோடையே போனோம். உண்மையைச் சொன்னால் வேறொரு காரணமும் இருந்தது, அந்தச் சிரிப்பு. அப்படிச் சிரிக்க அந்த ஊரில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு அறியவேண்டியிருந்தது.

லுசேர்ன் ஸ்டேஷனில் செல்வி நின்றாள், வேலைநாளில், பட்டப்பகலில், பழைய பச்சைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு. யோகம் ரயிலால் இறங்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கள்ளி," என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் அங்கேயே கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார்கள். சகலனும் நானும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு வழி விட்டுக்கொண்டு நின்றோம். எனக்கும் கண் கலங்கியது, இரண்டு தரம் சாக்கும் சாட்டும் சொல்லி இவளை இவ்வளவு காலம் மறித்துவைத்தேனே என்று இருந்தது.

மறுநாள் பாலத்துக்குப் போனோம். நான் அந்தக் கோட்டைக் கொண்டுபோயிருந்தேன், மலை குளிரும் என்று ஒரு சாட்டு. ஆடி மாத வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டு, நடுப்பாலத்தில் நின்று, கமராவைப் பார்த்துச் சிரித்தேன். வீடியோவில் வந்தது வந்தபடி நடக்கட்டும், கணக்கு முடியட்டும் என்று நினைத்தேன். செல்வி படம் எடுத்தாள். படத்தில் நான் பல்லுக்குத்து வந்தவன் மாதிரி இருக்கிறேன்.

யோகம் பூப்பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று என்னிடம் திரும்பி, "இஞ்சேருங்கோ, அண்டைக்கு வீடியோவிலயும் இந்தப் பூவெல்லாம் பூத்திருந்ததெல்லோ," என்றாள்.

"ஓம். அதுக்கென்ன?"

"பூப் பூத்த நேரத்தில உங்கட தலையில எப்பிடிப் பனி வந்தது?"

அந்த வெயிலில் எனக்குக் குளிர் பிடித்தது. அப்போது என் தலையில் ஒரு நரை கிடையாது.

திரும்பும்போது செல்வி பெட்டி நிறையச் சொக்கலேட்டை அடைத்துவிட்டாள், பாரம் கூடிவிட்டது, நான் நல்ல சாட்டு என்று கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அது இல்லாமல் அந்த ஆள் பாலத்தில் எப்படி நிற்பான் பார்ப்போம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதைவிட மடத்தனம் வேறில்லை, கோட்டைக் கொண்டுபோய் அவன் நிற்கிற ஊரிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

லுசேர்ன் பார்க்கக்கூடிய இடமா என்று இன்றைக்கும் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். தேவா அண்ணை சொன்னது பிழையில்லை, ஏரி ஏரிதான், மலை மலைதான், சிங்கம் இன்னும் சாகவில்லை. ஆனால் போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கனகாலமாக என்னை அரித்தது பனியல்ல. அந்த ஆள் பாலத்தில் தனியாக நின்றான். தலை நரைத்த காலத்தில் நான் அங்கே தனியாக நிற்பதென்றால் யோகம் எங்கே? இதை அவளிடம் கேட்கப் பயந்து, பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "படம் எடுத்தது நான்தானே அப்பா," என்றாள். "வேற ஆரைப் பாத்து நீங்கள் உப்பிடிச் சிரிப்பியள்?"

என் தலையைப் பாருங்கள், இப்போது ஒரு கறுப்பு மயிர் இருந்தால் காட்டுங்கள். போன கிழமை செல்வி போன் எடுத்து, அத்தானின் கோட் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, இந்தக் கோடைக்கு வாருங்கள் என்றாள். நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. யோகத்துக்கு மகள் ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அதில் வீடியோ எடுக்கப் பழகுகிறாள். நான் சாப்பிட்டாலும் எடுக்கிறாள், செருப்புப் போட்டாலும் எடுக்கிறாள். நேற்று ஜன்னலடியில் நின்ற என்னைக் கூப்பிட்டாள், திரும்பினேன், போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'காணும், காணும், இனி நிப்பாட்டு' என்று கையைத் தூக்கி ஆட்டினேன், ஆட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.